கண்ணாடிக் குழாயில் அவர்கள் காட்டியது

"நீங்கள்தான் அந்தக் குடல் கழுவுகிற சிகிச்சைக்குப் போனீர்களே, எப்படி இருந்தது? நானும் போகலாமா என்று யோசிக்கிறேன்" என்று தெரிந்தவர் ஒருவர் போன வாரம் கேட்டார். இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். மலம், ஆசனவாய் என்றெல்லாம் வரும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு அப்புறம் வாருங்கள்.

எனக்கு அப்போது சில மாதங்களாக ஒரே களைப்பு. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். திரும்பிப் போகத்தான் இல்லை. கொஞ்ச நாளில் மலச்சிக்கல் ஆரம்பித்தது. மூன்று நாளுக்கு ஒரு தடவை, அதுவும் முக்கி முனகி. வயிறு எப்போதும் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. நம் குடல் சுவரில் கிலோக் கணக்கில் பழைய அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். களைப்பு, உப்புசம், தூக்கமின்மை, முகப்பரு, எரிச்சல் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாம். ஐந்தில் நான்கு எனக்கு இருந்தது. இப்போது யோசித்தால், அந்தப் பட்டியலில் ஒன்றாவது இல்லாத மனுஷர் யார்?

போன இடம் பளிச்சென்று இருந்தது. வெள்ளைக் கோட்டு, மெல்லிய இசை, சுவரில் மனிதக் குடலின் பெரிய படம். வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சிறுநீரகக் கோளாறு உண்டா, இதய நோய் உண்டா, மூலம் உண்டா, குடலில் புண்ணோ அழற்சியோ உண்டா, சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். மாத்திரைக் கேள்வியில் நான் பேனாவை நிறுத்தி, "இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேன், அதை எழுத வேண்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் மாத்திரையே இல்லை மேடம், சத்துதானே. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் பண்ணிவிடுங்கள், சீக்கிரம் முடியும்" என்றார். டிக் பண்ணினேன். கையெழுத்தும் போட்டேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

செய்முறை இதுதான். பக்கவாட்டில் படுக்க வைத்து, விரல் தடிமனுள்ள ஒரு பிளாஸ்டிக் முனையை ஆசனவாய்க்குள் செலுத்துகிறார்கள். அதில் இரண்டு குழாய்கள். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ளே போகும், மற்றொன்றில் வெளியே வரும். தண்ணீர் நிறைந்து வயிறு முட்டும்போது வால்வைத் திறந்து விடுவார்கள். மறுபடி நிரப்புவார்கள். நடுவில் வயிற்றை அமுக்கிப் பிசைவார்கள். முக்கால் மணி நேரம் இப்படியே போகும். இந்த முறையில் ஒரே அமர்வில் 60 லிட்டர் வரைகூடத் தண்ணீர் போய் வரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெருங்குடலின் மொத்த நீளமே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்.

வலி என்று பெரிதாக இல்லை. ஆனால் அவசரமாக வருகிறது, அடக்கவும் முடியாது, அடக்கவும் வேண்டாம் என்கிற அந்த உணர்வு விநோதமானது.

அப்புறம் அந்தக் கண்ணாடிக் குழாய். கழிவு போகிற பாதையில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி வைத்து, பின்னால் விளக்கும் போட்டிருந்தார்கள். தலையைத் திருப்பினால் நம் வயிற்றிலிருந்து போவது நமக்கே தெரியும். முதலில் கலங்கிய தண்ணீர், பிறகு துணுக்குகள், பிறகு கன்னங்கரேலென்று கட்டிகட்டியாக. "பார்த்தீர்களா மேடம், இந்தக் கறுப்பு? குறைந்தது பத்து வருஷத்துப் பழசு" என்றார் தெரபிஸ்ட், தன் பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டுகிற பெருமையோடு. "ஒரு நினைவுக்கு எடுத்துக்கொள்வோம், கட்டைவிரலைக் காட்டுங்கள்." அன்று காலை கத்தி பட்டு கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். அந்த விரலைக் குழாய்க்குப் பக்கத்தில் நீட்ட, அவர் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று வயிறு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. நாள் கணக்கில் மலம் போகாமல் இருந்தவர் போனால் லேசாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் அந்த சந்தோஷத்தில் ஆறு அமர்வுக்கான பேக்கேஜுக்கு முழுப் பணத்தையும் அங்கேயே கட்டிவிட்டேன். இடைப்பட்ட நாட்களில் குடிக்க ஒரு டப்பா பொடியும் தலையில் கட்டினார்கள். "இது ஒட்டியிருப்பதை இளக்கிவிடும்."

இரண்டாவது அமர்வில் கண்ணாடிக்குள் புதிதாக ஒன்று வந்தது. ரப்பர் மாதிரி, நீளமாக, கயிறு போல. தெரபிஸ்டின் முகம் மலர்ந்துவிட்டது. குடல் சுவரில் படிந்திருந்த படலம் உரிந்து வருகிறதாம். நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை தண்ணீரோடு காபி டிகாக்ஷனும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். நல்ல வேளை, கஞ்சத்தனத்தில் வேண்டாம் என்றேன். ஆசனவாய் வழியாகக் காபி ஏற்றியவர்களுக்கு உள்ளே வெந்துபோனதும், உப்புச் சமநிலை குலைந்து இறப்பு நேர்ந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

மூன்றாவது அமர்வு முடிந்து எழுந்தபோது கண் இருட்டியது. வயிற்றைப் பிடித்து முறுக்கியது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை வாந்தி, தலை பிளக்கிற வலி, கால் தசையில் சுளுக்கு. போன் பண்ணினேன். "அது ஹீலிங் க்ரைசிஸ் மேடம், நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், நிறைய வெறும் தண்ணீர் குடியுங்கள்" என்றார்கள். சுகமாக இருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது, வாந்தி எடுத்தாலும் சிகிச்சை வேலை செய்கிறது. தோற்கவே வழியில்லாத வைத்தியம்!

மறுநாள் காலை பழைய டாக்டரிடமே போனேன். ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது, 130க்கு வந்திருந்தது. குடல் தண்ணீரை உறிஞ்சுகிற உறுப்பு. அதற்குள் லிட்டர் லிட்டராகத் தண்ணீரை விட்டால் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போகத்தான் செய்யும், உப்பு நீர்த்துப்போகும். எனக்கு லேசாகத்தான் ஆகியிருந்தது. சிறுநீரகமோ இதயமோ பலவீனமாக உள்ளவர்களுக்கு இதுவே உயிருக்கு ஆபத்தாகும் என்றார். இதில் நான் மேலே வெறும் தண்ணீராகவும் குடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கேட்ட அடுத்த கேள்வி: "அந்த இரும்பு மாத்திரையை இன்னும் போடுகிறீர்களா?"

போடுகிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கலைக் கொடுக்கும். மலத்தைக் கறுப்பாக்கும். இரண்டுமே சாதாரணமாக எதிர்பார்க்கிற விளைவுகள். பத்து வருஷத்து அழுக்கு என்று விளக்குப் போட்டுக் காட்டியது நான் அந்த வாரம் விழுங்கிய மாத்திரை! ஒரு மாதம் கழித்துப் போயிருந்தால் மாத்திரையை மாற்றியோ அளவைக் குறைத்தோ கொடுத்திருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை இன்றும் உறுத்துகிறது. இரும்பு மாத்திரை சாப்பிடாத ஒருவருக்கு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தக் கசிவு இருக்கலாம். ரத்தசோகையும் சேர்ந்திருந்தால் உடனே பார்த்தாக வேண்டும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தினமும் நிற்கிறவர் கறுப்பைக் கண்டதும் "டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லாமல் பேக்கேஜ் விற்கிறார்.

சரி, அந்த ரப்பர் கயிறு? பொடி டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். இசப்கோல் உமி, பெண்டோனைட் களிமண். ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீரோடு கலக்கி, இரவு முழுக்க மேடையில் வைத்தேன். காலையில் தம்ளரைக் கவிழ்த்தால் விழவில்லை. கரண்டியால் நெம்பினேன், ஒரே உருண்டையாக, வழுவழுவென்று, பழுப்பு நிறத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. அமர்வில் காட்டிய அதே சரக்கு. அவர்களே விற்று, நான் விழுங்கி, அவர்களே வெளியே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதிதாக வளர்கிறது. வருஷக்கணக்கில் எதுவும் அதில் ஒட்டி நிற்க வழியில்லை. கொலனோஸ்கோப்பி செய்கிற டாக்டர்கள் தினமும் குடலுக்குள் பார்க்கிறார்கள், அப்படி ஒரு படலத்தை அவர்கள் காண்பதில்லை.

குடலில் நச்சு தேங்கி ரத்தத்தில் கலக்கிறது என்பது பழைய கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய டாக்டர்களே அதை நம்பினார்கள். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். 1919இல் வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்க டாக்டர் எளிமையாக ஒரு கேள்வி கேட்டார்: நச்சு ரத்தத்தில் கலந்துதான் தலைவலி வருகிறது என்றால், மலம் கழித்த மறுநிமிடமே அது எப்படிப் போகிறது? குடல் உப்பி அழுத்துவதுதான் காரணம் என்றார். பிறகு மலக்குடலில் பஞ்சை அடைத்துப் பார்த்த சோதனையிலும் அதே மந்தம், அதே தலைவலி வந்தது. பஞ்சில் என்ன நச்சு?

கருவியின் சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு கிளினிக்கில் 1978 முதல் 1980 வரை இப்படிக் குடல் கழுவிக்கொண்டவர்களிடையே அமீபா தொற்று பரவியது. குறைந்தது 36 பேருக்கு நோய். 10 பேருக்குப் பெருங்குடலை அகற்ற வேண்டியிருந்தது, அவர்களில் 6 பேர் இறந்தார்கள். வழக்கமாகச் சுத்தம் செய்த பிறகும் அந்தக் கருவியில் மலக் கிருமிகள் ஏராளமாக இருந்தன. நான் போன இடத்தில் முனையை மட்டும் புதிதாகப் பிரித்தார்கள். உள்ளே இருக்கிற குழாய்களை எப்படிக் கழுவுகிறார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"அமெரிக்க அரசு அனுமதி பெற்ற கருவி" என்று அவர்களுடைய துண்டுப் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. பாதி உண்மை. அங்கே உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளை அனுமதிப்பது எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி போன்ற பரிசோதனைக்கு முன் குடலைக் காலி செய்கிற மாதிரியான மருத்துவத் தேவைகளுக்கு. பொதுவான ஆரோக்கியத்துக்கு என்று அனுமதி கிடையாது. தண்டுவடம் பாதித்தவர்களுக்கு டாக்டரின் மேற்பார்வையில் குடலைத் தண்ணீரால் காலி செய்யும் முறை உண்டு, அவர்களுக்கு அது பெரிய உதவி. அது வேறு, இது வேறு.

மீதி மூன்று அமர்வின் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனேன், ரத்தப் பரிசோதனைத் தாளோடு. மேனேஜர் ஒரு ஃபைலைத் திறந்து என் படிவத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் மேடம். கையெழுத்து உங்களுடையதுதானே?" வரவேற்பில் இருந்த அதே பெண் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பணம் வரவில்லை. அந்தப் படிவத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கும் மறுத்துவிட்டார்கள்.

ஆகவே போவது என்று முடிவே செய்துவிட்டவர்களுக்கு: படிவத்தில் உண்மையை எழுதுங்கள். அதில் எதற்காவது 'ஆம்' என்றால் முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட தாளின் நகலை வாங்காமல் படுக்காதீர்கள். பேக்கேஜ் கட்டாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் போகும் வழக்கம் திடீரென மாறுவது இவை இருந்தால் அந்தப் பக்கமே போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள். மலம் நாளுக்கு மூன்று முறை போனாலும், வாரத்துக்கு மூன்று முறை போனாலும், சிரமமில்லாமல் போனால் இயல்புதான்.

மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகு எனக்கு மூன்றே வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. போன மாதம் அந்த இடத்தின் புது விளம்பரம் வந்தது. "பத்து வருட அழுக்கு, ஒரே அமர்வில்!" விளக்குப் போட்ட கண்ணாடிக் குழாய், உள்ளே கன்னங்கரேலென்று கட்டிகள், பக்கத்தில் உயர்த்திக் காட்டிய ஒரு கட்டைவிரல். அதில் பிளாஸ்திரி.