120 அங்குலமா, 137 அங்குலமா? டர்ட் பைக்கில் பனி டிராக் மாட்டும் முன்

டர்ட் பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிராக்கையும் (சுழலும் ரப்பர் பெல்ட்), முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்கியையும் (சறுக்குப்பலகை) பொருத்தினால் ஸ்னோ பைக் தயார். கிட் வாங்கக் கிளம்பினால் முதலில் குழப்புவது நீளம்தான். 120, 129, 137 என்று சொல்லும் எண்கள் டிராக் பெல்ட்டின் முழுச் சுற்றளவு, அங்குலக் கணக்கில். என் 450 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 120 வாங்கி இரண்டு பனிக்காலம் ஓட்டிவிட்டேன். என்னோடு மலைக்கு வரும் நண்பர் ஏறக்குறைய இதே எஞ்சினுக்கு 137 மாட்டியிருக்கிறார். பைக்கை மாற்றி மாற்றி ஓட்டியும் பார்த்தோம். என் ஓட்டு 120-க்கு. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எந்தக் கம்பெனி என்ற விவாதத்துக்குள் போகவில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து சாண்ட்பாயின்ட்டில் பிறந்து 2015-ல் போலாரிஸ் கைக்குப் போன டிம்பர்ஸ்லெட், கனடாவின் யெட்டி, 129 நீளத்தில் டிடிஎஸ் கிட் கொண்டுவந்த கேம்சோ என்று பெயர்கள் பல. யாருடையதானாலும் நீளத்தின் கணக்கு ஒன்றுதான்.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். குட்டை டிராக் எடை குறைவு, மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்பும், மேடு கண்டால் எகிறும். நீள டிராக் நன்றாக மிதக்கும், நேர்ச்சரிவில் ஏறும், திரும்ப இடம் கேட்கும்.

இப்போது அந்த "மிதக்கும்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 120-க்கும் 137-க்கும் வித்தியாசம் 17 அங்குலம். சுற்றளவில் பாதிதான் கீழ்ப்பக்கம் என்பதால், பனியைத் தொடும் நீளம் கூடுவது ஏறக்குறைய எட்டரை அங்குலம். பெல்ட்டின் அகலத்தை 11 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கிடைப்பது சுமார் 600 சதுர சென்டிமீட்டர் பரப்பு. ஏறக்குறைய ஒரு ஏ4 தாள். ஆழமான பொடிப்பனியில் இது சின்ன விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பரப்பைச் சுழற்ற எஞ்சின் வேண்டுமே.

நீள டிராக்தான் நல்லது என்ற நம்பிக்கை ஸ்னோமொபைலிலிருந்து, அதாவது பனியில் ஓட்டவென்றே செய்த டிராக் வண்டியிலிருந்து வந்தது. மலைக்கென்றே செய்த ஸ்னோமொபைல்கள் 155, 165 அங்குல டிராக்கில் ஓடுகின்றன, அவற்றுக்கு அது சரி. அவற்றில் இருப்பது 850 சிசி அளவு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 150 குதிரைத்திறனுக்கு மேல். அதைவிட முக்கியம், அவற்றின் சிவிடி பெல்ட் டிரைவ். சுமை ஏற ஏற விகிதம் தானே மாறி, எஞ்சினை அதன் உச்ச சக்தியிலேயே நிறுத்தி வைக்கிறது. நம் 450-ல் இருப்பது கடல்மட்டத்தில் 50 சொச்சம் குதிரைத்திறன், கையால் மாற்றும் கியர். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். 50 என்றது 40-க்குக் கீழே வந்துவிடும். நல்ல பொடிப்பனி எங்கே இருக்கிறதோ அங்கேதான் எஞ்சினும் இளைத்துப் போகிறது.

டிராக் பனிமேல் நிற்பதற்குப் பரப்பு பாதிக் காரணம். மீதிப் பாதி டிராக்கின் வேகம். வேகமாகச் சுழலும்போது பெல்ட்டின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் லக்குகள் பனியைப் பின்னே தள்ளி வண்டியை மேலே தூக்கி வைத்திருக்கின்றன. வேகம் விழுந்தால் எந்த நீளமானாலும் குழி தோண்ட ஆரம்பிக்கும். அதனால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சரிவின் நடுவில், கியர் மாற்றிய பிறகும், டிராக் வேகம் விழாமல் பார்த்துக்கொள்ள என் எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறதா?

ஒருநாள் ஒரே சரிவில் இருவரும் ஏறினோம், முழங்கால் ஆழப் பொடிப்பனி. 137 கிளம்பும்போது அழகாக மேலே வந்தது. பாதி ஏறியதும் மூன்றாம் கியரில் எஞ்சின் முக்கத் தொடங்கியது. நண்பர் இரண்டுக்கு இறக்க கிளட்சைப் பிடித்த அந்த நொடியில் டிராக் வேகம் செத்து, பின்பக்கம் புதைந்தது. என் 120 கிளம்பும்போது திணறியது உண்மை. ஆனால் மூன்றாம் கியரிலேயே மேலே போய்ச் சேர்ந்தேன். பிறகு பைக்கை மாற்றிக்கொண்டோம். 137-ல் நானும் அதே இடத்தில்தான் நின்றேன். புதைந்த நீள டிராக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, குழியை மிதித்து நிரப்பி, மேலே இழுத்து வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. என்னுடையதைப் பலமுறை தனியாகவே எடுத்திருக்கிறேன்.

ஒரு சரிவை வைத்து முழுத் தீர்ப்பு எழுத முடியாது என்பதும் தெரியும். 137-ஐ நான் ஓட்டியது மொத்தமே நாலைந்து நாள். டர்போ போட்டவர், கனத்த உடம்புக்காரர், இரவு தங்கச் சாமான் கட்டிக்கொண்டு போகிறவர் ஆகியோருக்கு நீளம்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். 129 நடுவழி என்கிறார்கள். அதில் அரைநாள் ஓட்டியவரை நன்றாகவே இருந்தது, அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

ஏற்கெனவே 137 வாங்கிவிட்டீர்களா, கவலை வேண்டாம். எஞ்சின் பக்கத்து ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள். 13 பல் 12 ஆனால் இழுவை சுமார் 8 சதவீதம் கூடும், உச்ச வேகம் அதே அளவு குறையும். நண்பர் அப்படித்தான் செய்தார், பெரிய வித்தியாசம் தெரிந்தது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது ஃபிட் கிட், அதாவது டிராக்கையும் ஸ்கியையும் பைக்கோடு இணைக்கும் துண்டுகள். டிராக்கும் ஸ்கியும் எல்லாப் பைக்குக்கும் பொது. ஸ்விங் ஆர்ம் போல்ட் இடத்தில் வரும் துண்டுகளும், ஃபோர்க்கில் ஸ்கியைப் பிடிக்கும் துண்டுகளும், ஷாக் இருந்த இடத்தில் வரும் ஸ்ட்ரட்டும் பைக்குக்குப் பைக் மாறும். பழைய கிட் வாங்குகிறவர் இதை முதலில் கேட்க வேண்டும். பைக்கை விற்றாலும் கிட்டை வைத்துக்கொள்ளலாம், புது பைக்குக்கு ஃபிட் கிட் மட்டும் வாங்கினால் போதும்.

செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். டிராக்கை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள்; இருக்கிற கொஞ்ச சக்தியையும் அது தின்றுவிடும். தளர்ந்தாலோ டிராக்கைச் சுழற்றும் பல்சக்கரத்தில் பல் தாவும். டிராக்குக்குள் இருக்கும் லிமிட்டர் பட்டையைக் குறுக்கினால் ஸ்கிமேல் பாரம் கூடி, முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கும். நீட்டினால் பாரம் டிராக்குக்குப் போகும், ஸ்கி லேசாகும். நான் குறுக்கி வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன்.

எந்த நீளமானாலும் விட்டுவிடக் கூடாதது எஞ்சின் சூடு. பனியில் ரேடியேட்டர் எஞ்சினை மிதமிஞ்சிக் குளிரவைத்துவிடும். ஆயில் சூடேறாவிட்டால் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி, ஆயில் பால் கலந்ததுபோல ஆகும். எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவைக்கும், பைபாஸ் உள்ள தெர்மோஸ்டாட் போடுங்கள். பைபாஸ் இல்லாதது திறக்கும்போது, ரேடியேட்டரில் உறைகுளிரில் நின்ற கூலன்ட் முழுவதும் சூடான எஞ்சினுக்குள் ஒரேயடியாகப் பாயும். ரேடியேட்டருக்கு மூடி, எஞ்சினைச் சுற்றி உறை, பனித்தூள் புகாத ஏர் ஃபில்டர் இவையும் வேண்டும். முதல் பனிக்காலத்தில் தெர்மோஸ்டாட் இல்லாமல் மூன்று நாள் ஓட்டினேன். ஆயிலை வடித்தபோது பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. அன்றே வண்டியை நிறுத்திவிட்டு, தெர்மோஸ்டாட் வந்த பிறகுதான் மறுபடி எடுத்தேன்.

இறுகிய பனியிலும் ஐஸிலும் நீண்ட தூரம் போகாதீர்கள். டிராக்குக்குள் பெல்ட் சறுக்கி ஓடும் தண்டவாளத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடருக்குப் பனித்தூள்தான் மசகு. அது கிடைக்காவிட்டால் உருகிவிடும். பனியைக் கீறி மேலே தெறிக்கவைக்கும் ஸ்கிராட்சர் கம்பிகளை மாட்டிவிட்டால் அந்தப் பயம் பெருமளவு தீரும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்டு எல்லை வரை பாதை பெரும்பாலும் இறுகித்தான் கிடக்கும். அந்தத் தூரத்தில் நடுநடுவே ஓரத்து இளம்பனியில் இறக்கி ஓட்டி, ஸ்லைடரை நனைத்துக்கொண்டே போவேன்.