பவர் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன்: மூன்று வருட அனுபவம்

பேட்டை சிட்கோவில் வாஷரும் கதவுக் கீலும் அடிக்கிற சின்னப் பட்டறை எங்களுடையது, மொத்தம் நாலு பவர் பிரஸ் (தகட்டை டை என்கிற அச்சில் வைத்து அடிக்கிற மிஷின்). மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தம்பிக்கு ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டுத்தான் துண்டை எடுக்கக் கையை விட்டான், ஆனாலும் இன்னொரு அடி தானாக இறங்கியது. மிஷினை ஓட்டத்தோடு இணைத்து விடுகிற கிளட்ச் பின்னின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது.

உடனே லைட் கர்ட்டன் வாங்க ஓடினேன். டைக்கு முன்னால் திரை மாதிரி ஒளிக்கதிர் ஓடும், கை குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்தச் சொல்லும். மாட்ட வந்தவர் மிஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல மாட்டுனா கோயில் கொடை லைட்டு மாதிரி எரியும், அவ்வளவுதான்" என்றார். பின் கிளட்ச் ஒரு தடவை பிடித்தால் முழுச் சுற்றும் முடித்துத்தான் விடும், கை குறுக்கே வந்தது தெரிந்தாலும் பாதியில் நிற்காது. அதனால் இரண்டு மிஷினுக்கு முதலில் ஏர் கிளட்ச் (காற்றழுத்தத்தில் பிடிக்கிறது, பாதிச் சுற்றிலும் விட்டுவிடும்) மாற்றினேன், கையைக் கடித்த செலவு அதுதான்.

அப்புறம் தூரம். கர்ட்டன் டைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வேலை ஓடும் என்று பையன்கள் சொன்னார்கள். ஆனால் கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துத்தான் கணக்கு. எங்கள் மிஷின் நிற்க 180 மில்லி வினாடி, ஆக டையில் இருந்து 360 மில்லிமீட்டர் தள்ளி வைக்கணும் (14 மில்லி தடிமன், அதாவது விரல் அளவு வரை கண்டுபிடிக்கிற கர்ட்டனுக்கு). இரண்டாம் வருடம் பிரேக் லைனிங் தேய்ந்து நிற்கிற நேரம் 220 ஆகியிருந்தது, அளந்து பார்த்ததால்தான் தெரிந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறோம்.

தொல்லை இல்லாமல் இல்லை. கர்ட்டன் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிந்தால் மிஷின் ஓடாது, தினம் காலையில் துடைக்கணும். முதல் ஆயுத பூஜைக்கு யாரோ பக்தியோடு கண்ணாடி மேலேயே சந்தனம் பூசிவிட, மறுநாள் பாதி நாள் மெக்கானிக்கைத் தேடி அலைந்தோம்!

மூன்றாவது பிரஸ்ஸுக்கு டையைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு, ஷீட் நுழைய 6 மில்லி சந்து மட்டும். மின்சாரம் கேட்காது, கெட்டும் போகாது. ஒரே மாதிரித் துண்டு அடிக்கிறவர்கள் கர்ட்டனுக்கு முன்னால் இதைத்தான் யோசிக்கணும் என்பேன்.

டை மாற்றும்போது மெயின் சுவிட்சுக்குப் பூட்டு, மேலிருந்து இறங்கி அடிக்கிற ராமுக்கு அடியில் இரும்புக் கட்டை. சாவி ஒன்றுதான், அது மாற்றுகிறவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

நாலாவது பிரஸ் இன்னும் பழைய பெடல்தான். கூண்டு போட முடியாத வேலை, ஏர் கிளட்சுக்குக் காசு சேரவில்லை, இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.