கிராம சபையா, மாநகராட்சி வார்டா?

சேலம் மாநகராட்சி எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில் டீக்கடைப் பேச்சு அடிக்கடி இங்குதான் வந்து நிற்கிறது: ஊராட்சியாகவே இருப்பதா, நகரத்தோடு சேர்வதா?

இரண்டுக்கும் வேர், 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்கள். முதலாவது கிராம சபைக்கு அரசமைப்பில் இடம் கொடுத்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்களும் உறுப்பினர். ஏற்காட்டு மலைக்கிராமத்தில் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்ணும் எழுந்து, "வரவு செலவுக் கணக்கைப் படியுங்கள்" என்று கேட்கலாம். கேட்பவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்பது வேறு கதை. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை இந்தச் சபை கூட வேண்டும்.

74-ஆவது திருத்தம் மூன்று லட்சம் மக்கள்தொகையும் அதற்கு மேலும் உள்ள நகரங்களுக்கு வார்டு குழுவைத்தான் சொன்னது. வாக்காளர் அனைவரும் உட்காரும் சபையை அல்ல. வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக்கு இங்கே விதிகள் வந்ததே 2022-இல்தான்.

குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்றால் மாநகராட்சியின் கை நீளம். சொத்துவரி கேட்கவும் அதே கைதான் நீளும். ஊரக வேலைத் திட்டமும் போய்விடும்.

என் ஓட்டு ஊராட்சிக்கு. சாக்கடை பொங்கும் மழைநாளில் மட்டும் கொஞ்சம் தடுமாறுவேன்.