களிமண் கடைக்காலுக்கு வேஸ்ட் ஆயிலா, சுண்ணாம்பா, பைலா?

பாகூர் வயல்வெளியிலோ காட்டுமன்னார்கோவில் பக்கமோ மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு அந்த மண்ணின் குணம் தெரியும். ஐப்பசி மழையில் ஊதிப் பெருக்கும், சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது சுவர். ஜன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாக விரிசல் ஓடும்.

இந்தக் களிமண்ணில் பழைய என்ஜின் ஆயிலைக் கலந்து இறுக்கிவிட்டால் போதும், செலவே இல்லை என்று ஒரு யோசனை உலவுகிறது. கரையானுக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் வேஸ்ட் ஆயில் தடவிப் பழகியவர்கள் நாம். கேட்டதும் நம்பத்தான் தோன்றும்.

யோசனை முழுப் பொய்யும் இல்லை. மண் எவ்வளவு உப்பும் என்று பார்க்க, லேபில் 10 கிராம் மண்ணைத் தண்ணீரிலும் இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீரில் அதைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதுதான் கணக்கு. 50 சதவீதத்தைத் தாண்டினால் உஷாராக வேண்டிய மண். களித் துகளைச் சுற்றி எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் அவ்வளவாக ஒட்டாது, உப்பல் குறையும். இதுவரை சரி.

ஆனால் கடைக்காலுக்குக் கீழே இருக்கும் மண் உப்பாமல் இருந்தால் மட்டும் போதாது, பாரமும் தாங்க வேண்டும். துகளும் துகளும் உரசிப் பிடிப்பதில்தான் மண்ணின் பலம் இருக்கிறது. எண்ணெய் அந்த இடத்தில்தான் வழுக்கிவிடுகிறது. ரோட்டுக்குப் போடும் தார் ஆறினால் இறுகும். என்ஜின் ஆயில் எத்தனை வருஷம் ஆனாலும் இறுகாது.

அளவையும் பாருங்கள். 1,000 சதுர அடி வீட்டுக்கு அடியில் 1 மீட்டர் ஆழத்துக்கு மண்ணைப் பக்குவப்படுத்துவது என்றால் ஏறக்குறைய 150 டன் மண். 4 சதவீதம் ஆயில் என்றாலே 6 டன், அதாவது 200 லிட்டர் டிரம்மில் முப்பதுக்கு மேல். ஒரு பைக்கில் வடிவது ஒரு லிட்டர்தான். அவ்வளவையும் சேர்த்துவிட்டாலும் ஈரக் களிமண் கட்டிக்குள் எண்ணெய் இறங்காது. மண்ணைக் காயவைத்துப் பொடித்துத்தான் கலக்க வேண்டும். செலவே இல்லை என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது.

சட்டமும் விடாது. பயன்படுத்திய ஆயிலை 2016ஆம் ஆண்டு விதிகள் அபாயகரக் கழிவு என்று வகைப்படுத்தியுள்ளன. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகளுக்குத்தான் அது போக வேண்டும். காரணம் இருக்கிறது: ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களும் புற்றுநோய் தரக்கூடிய சேர்மங்களும் அதில் இருக்கின்றன. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகிக் கடலூரின் புறநகர்ப் பகுதிகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அப்படித் தண்ணீர் ஏறி இறங்கும் மனையில், போர் போட்டுக் குடிக்கும் வீட்டுக்கு அடியில், 30 டிரம் ஆயிலா? எனக்கு இந்த ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

சுண்ணாம்பு வேலை செய்யும் விதமே வேறு. அதிலுள்ள கால்சியம் களித் துகளின் மேற்பரப்பில் போய் உட்கார, சில மணி நேரத்திலேயே பிசுபிசுப்பு குறைந்து மண் பொலபொலக்கும். அப்புறம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகி, சிமெண்டில் உண்டாவது போன்ற பிணைப்பு வரும். 3 முதல் 8 சதவீதம் வரை சேர்ப்பது வழக்கம். ஆயில் தடுப்பதோடு நின்றுவிடுகிறது. சுண்ணாம்பு மண்ணையே மாற்றுகிறது. இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். காற்றுபடக் கிடந்த பழைய சுண்ணாம்பில் வீரியம் போயிருக்கும். மண்ணில் சல்பேட் அதிகமிருந்தால் சுண்ணாம்பு சேர்த்தபிறகு முன்பைவிட மோசமாக உப்பலாம். கடலோர மனைக்குச் சல்பேட் சோதனையைச் செய்யாமல் மூட்டையை இறக்காதீர்கள்.

மணல் கலந்த மண்ணுக்குச் சிமெண்ட் நல்ல ஜோடி. கொழகொழ களிமண்ணில் உருண்டை உருண்டையாக நின்றுவிடும்.

நெய்வேலி சாம்பல் நம் கடலூர் மாவட்டத்துச் சரக்கு. பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவதால் சாதாரண நிலக்கரிச் சாம்பலைவிட அதில் கால்சியம் அதிகம். தனியாகவே ஓரளவு இறுகும். கொஞ்சம் சுண்ணாம்போடு சேர்த்தால் இன்னும் நன்று. லாரி வாடகை கட்டுப்படியானால் தெரு, மில் தளம் போன்ற பரந்த இடத்துக்கு என் தேர்வு இதுதான்.

ஒற்றை வீட்டுக்கு? எதையும் கலக்காமல் தப்பிப்பதே மேல். களி ஒரு மீட்டர் ஆழத்தோடு முடிந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டுச் சிவப்பு கிராவலை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கலாம். வெறும் மணலை மட்டும் கொட்டாதீர்கள். சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் அது மழைத் தண்ணீருக்குத் தொட்டி கட்டியது போல. களி ஆழமாக இருந்தால் அண்டர்-ரீம் பைல். அடியில் குமிழ் மாதிரி அகலும் தூண் அது. குமிழின் விட்டம் பொதுவாகத் தூணின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு. மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில், பெரும்பாலும் மூன்று மூன்றரை மீட்டரில், அது போய் உட்காரும். மேல்மண் உப்பினாலும் குமிழ் பிடித்துக்கொள்ளும். பைல்களின் தலையை இணைத்துச் சுவரைத் தாங்கும் கிரேடு பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட மேஸ்திரி மறந்தால் இத்தனை செலவும் வீண், பக்கத்தில் நின்று பாருங்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரிக் கடற்கரை மணலில் குழி சரிந்துவிடும். அங்கே மேலே உப்புகிற களிமண் இல்லை என்றால் இந்தப் பைலுக்கு அவசியமும் இல்லை.

எதைத் தேர்ந்தாலும் வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குச் சாய்வாகத் தளம் போட்டு, கூரைத் தண்ணீரைக் கடைக்காலிலிருந்து தள்ளிப் போய் விழும்படி விடுங்கள். பெரிய மரம் வைப்பதாக இருந்தால் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.