டை வெட்டுவதற்கு முன் சிமுலேஷன்: ஊபியில் கிடைத்த ஒரு சேவை

நான் சிங்கப்பூரில், துவாஸில் ஒரு பிரஸ் ஷாப்பில் டை (தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சு) டிசைன் பார்க்கிறேன். டிபி780 என்ற ஹை-டென்சைல் (அதிக வலிமை கொண்ட) எஃகுத் தகட்டில் யு வடிவ பிராக்கெட் ஒன்றுக்காக, தகடு எப்படி வளையும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டும், ஊபியில் உள்ள ஒரு சின்ன சிமுலேஷன் கம்பெனியிடம் போனோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

மற்ற இடங்களில் டிராயிங்கும் தகட்டின் கிரேடும் கொடுத்தால் போதும், கலர் கலராகப் படம் வந்துவிடும். இங்கே இருந்த எஞ்சினியர் கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "சார், தகடு டை வளைவில் ஏறி வளைந்து, மறுபடி நிமிருதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு பக்கம் இழுபட்ட உலோகத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால் சீக்கிரமே இளகிக்கொடுக்கும். பௌஷிங்கர் விளைவு என்பது இதுதான். உருமாறும் தகடு எப்படி இறுகும் என்று கணக்கிடும் சாதாரண ஐசோட்ரோபிக் ஹார்டனிங் மாடலில் இது கிடையாது. யோஷிடா-உவெமோரி மாடலில் உண்டு. உருமாறிய தகட்டின் யங் மாடுலஸ் (விறைப்பு) குறைவதையும் அது சேர்த்துக்கொள்ளும். டையில் எவ்வளவு ஓவர்பெண்ட் (கூடுதல் வளைவு) விடுவது என்பது ஸ்பிரிங்பேக் (அழுத்தம் விட்டதும் தகடு திரும்பிப் போவது) கணக்கைப் பொறுத்தது, அந்தக் கணக்கோ மாடலைப் பொறுத்தது. இரண்டிலும் ஓட்டிக் காட்டினார்கள். பிராக்கெட் சுவரின் கோணம், சுவர் சுருளும் அளவு இரண்டுமே மாறின. டிரைஅவுட்டில் (டையைச் செய்து ஓட்டிப் பார்த்ததில்) வந்த பீஸ் யோஷிடா கணக்கோடுதான் ஒத்துப்போனது.

இனி குறைகள். மெல்லிய தகட்டை அமுக்கினால் மடங்கிவிடும், அதனால் யோஷிடா மாடலுக்கு வேண்டிய எண்களை எடுக்க, இழுத்து அமுக்கும் சோதனைக்குத் தனி ஃபிக்ஸ்சர் (பிடிப்பான்) வேண்டும். நியாயம்தான். ஆனால் அதற்கான கட்டணத்தை கொட்டேஷன் கொடுத்த பிறகுதான் சொன்னார்கள். அப்புறம், ஓர் அலுமினிய மூடி வேலையை, தகடு எப்போது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் என்று கணக்கிடும் பழைய ஹில் 1948 மாடலிலேயே ஓட்டி அனுப்பிவிட்டார்கள். அலுமினியத்தின் ஆர் மதிப்பு (இழுக்கும்போது அகலம் குறைவதற்கும் தடிமன் குறைவதற்கும் உள்ள விகிதம்) பெரும்பாலும் 1-க்குக் கீழே. அப்படிப்பட்ட தகடு நீளம், அகலம் என இரண்டு திசைகளிலும் இழுபடும்போது, அதன் பலத்தை ஹில் குறைத்தே காட்டும். நான் கேட்ட பிறகுதான் எட்டுக் கெழுக்கள் கொண்ட பார்லட் 2000 மாடலுக்கு மாற்றினார்கள். பிராக்கெட்டுக்கு அத்தனை கேள்வி கேட்டவர்கள் இதைக் கேட்காமல் விட்டது எனக்குப் புரியவில்லை.

எஸ்பிசிசி (மென்மையான எஃகு) தகட்டில் சாதாரண பிராக்கெட் செய்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. ஹை-டென்சைல், அலுமினியம் என்றால் தாராளமாகப் போகலாம். தகட்டு ஆலை தரும் மில் சர்டிபிகேட்டில் இழுவைச் சோதனை எண்களாகப் பெரும்பாலும் ஈல்டு, டென்சைல், எலாங்கேஷன்தான் இருக்கும், அது போதாது. அதே காயிலிலிருந்து (தகட்டுச் சுருளிலிருந்து), தகடு உருட்டப்பட்ட திசைக்கு 0, 45, 90 டிகிரியில் சோதனைக்குப் பட்டை வெட்டி எடுத்துப் போங்கள். எந்த மாடல் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.