ஐநேச்சுரலிஸ்ட் ஆப், பார்க் வேலைக்கு இறங்குறவங்க போட்டுக்கலாம்

ஞாயித்துக்கிழமை காலைல பார்க்ல குப்பை பொறுக்குறது, செடி நடுறதுன்னு ஒரு கூட்டமா போவோம், அங்க என்னென்ன பூச்சி பறவை இருக்குன்னு கணக்கெடுக்கலாம்னு பேச்சு வந்தப்போ தான் இதை போட்டேன். ஃப்ரீ தான். செடி, பூச்சி, பறவை போட்டோ போட்டா இதுவா இருக்கலாம்னு பேர் சொல்லும், அப்புறம் விஷயம் தெரிஞ்சவங்க வந்து திருத்துவாங்க, மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துக்கிட்டா ‘ரிசர்ச் கிரேட்’ ஆகி ஆராய்ச்சிக்கும் போகும். என் முதல் பத்து போட்டோவும் மங்கல், வண்டுன்னு எடுத்தது வெறும் கருப்பு புள்ளி, அதுக்கு ஆப் என்ன பண்ணும் பாவம்.

ஒண்ணு, நாம நட்ட செடிய போட்டா அது ‘கேஷுவல்’ங்கிற பிரிவுல போயிடும், ரிசர்ச் கிரேட் வராது. ஆனா அந்த செடில தானா வந்து உக்கார்ற பட்டாம்பூச்சி கணக்குல வரும், எனக்கு அதான் ரொம்ப புடிச்சது!! 2016ல லாஸ் ஏஞ்சல்ஸும் சான் பிரான்சிஸ்கோவும் போட்டியா ஆரம்பிச்ச, ஊர் ஊரா உயிரினங்கள கணக்கெடுக்குற சிட்டி நேச்சர் சேலஞ்ச் கூட பெரும்பாலும் இதுல தான் நடக்குது.

சின்ன பசங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட்காரங்களோட சீக் (Seek) ஆப் போதும், அக்கவுண்ட் கூட வேணாம். அபூர்வமான உயிரினம் எதாச்சும் பாத்தா மட்டும் லொகேஷன மறைச்சு போடுங்க.