படைமுகாம் அறையா, வெளியே வாடகை வீடா?

விவாகரத்துக்குப் பின் குழந்தை தாயிடம் இருக்க, குழந்தைக்காக மாதந்தோறும் ஜீவனாம்சம் கட்டும் அமெரிக்க ராணுவ வீரருக்கு எங்கே குடியிருப்பது என்பது பணக்கணக்கும்தான்.

முகாமுக்குள் தனியாள் அறையில் தங்கினால் வாடகை இல்லை. அதனால் ராணுவம் குடியிருப்புச் செலவுக்காகத் தரும் வீட்டுப்படியும் (பி.ஏ.எச்.) முழுமையாகக் கிடைக்காது. குழந்தைக்குப் பணம் கட்டுவதற்காக 'பி.ஏ.எச். டிஃப்' (வீட்டுப்படி வித்தியாசம்) என்ற சிறு தொகை மட்டும் வரும். 1997ஆம் ஆண்டு குடியிருப்புப் படி விகிதங்களில் குடும்பஸ்தருக்கும் தனியாளுக்கும் இருந்த வித்தியாசமே இதன் அடிப்படை. சம்பள உயர்வுக்கேற்ப அது கூட்டப்படுகிறது. மாதம் கட்டும் ஜீவனாம்சம் இந்தத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் இதுவும் கிடைக்காது.

வெளியே வீடு எடுத்தால், பணிபுரியும் ஊர், பதவி ஆகியவற்றைப் பொறுத்துக் குடும்பஸ்தருக்கான முழுப் படி கிடைக்கும். ஜீவனாம்சம் 'டிஃப்' தொகையைவிடக் குறையக்கூடாது என்ற நிபந்தனை இங்கும் உண்டு. ஆனால் பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்: படிக்கு மத்திய வருமான வரி இல்லை என்பதால் நீதிமன்றமும் அதைக் கணக்கில் எடுக்காது என நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான மாநிலங்கள் வீட்டுப்படியையும் வருமானமாகவே சேர்த்து ஜீவனாம்சத்தை நிர்ணயிக்கின்றன. படி உயர்ந்தால் அதுவும் உயரக்கூடும்.

கையில் மிச்சம் பிடிக்க முகாம் அறை உதவும். ஆனால் விடுமுறையில் வரும் பிள்ளையை அங்கே தங்கவைப்பது கடினம். பிள்ளையோடு நாட்களைக் கழிக்க விரும்பும் தகப்பனுக்கு, செலவு கூடினாலும் வெளிவீட்டையே சொல்வேன். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் படைமுகாமின் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் நீதிமன்ற உத்தரவைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.